சாண்டிக்கு முந்தின இரவு பேசியதும் பேசாததும்

2012 அக்டோபர் 28, ஞாயிற்றுக்கிழமை. சாண்டி சூறாவளி கரையேற ஒரு நாள் இருந்தது. நியூ ஜெர்சியில் ராரிட்டன் ஆற்றுக்கு வடக்கே எங்கள் ஊர். குளியல் தொட்டியில் விளிம்பு வரை தண்ணீர் பிடித்து வைத்தாயிற்று. இட்லி மாவை அரைத்து ஓவனுக்குள் வைத்து, உள்விளக்கைப் போட்டிருந்தேன். இந்த ஊர் குளிரில் அந்த விளக்குச் சூடு இருந்தால்தான் மாவு பொங்கும், விளக்கு எரியக் கரண்ட் வேண்டும். கரண்ட் எப்போது போகும் என்பதுதான் அன்றைக்குத் தெரு முழுக்க ஒரே பேச்சு. பெரிய பேட்டரிகள் கடைகளில் தீர்ந்து இரண்டு நாளாகியிருந்தது.

சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர். மட்டக்களப்பைச் சேர்ந்த அண்ணனும் அண்ணியும் இரண்டு பெட்டிகளோடு வந்திருந்தார்கள். சேயர்வில்லில் ஆற்றை ஒட்டி அவர்கள் வீடு. அந்தப் பகுதியைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். முந்தின வருஷம் ஆகஸ்டில் ஐரீன் புயல் வந்தபோதே அங்கே வெள்ளம் ஏறியிருந்தது. கேஸ் ஸ்டேஷன் வைத்திருக்கும் மதுரைக்காரர் கடையைப் பூட்டிவிட்டு நேராக வந்திருந்தார். என் கணவரோடு வேலை பார்க்கும் திருநெல்வேலித் தம்பி ஒருவர். விசாவில் இருப்பதால் அவருக்கு வாக்கு இல்லை, ஆனால் இழுபறி மாநிலமான ஒஹாயோவில் யார் எத்தனை புள்ளி முன்னால் என்பது அவருக்கு மனப்பாடம். எனக்கோ அதுதான் முதல் அதிபர் தேர்தல். பதவியில் இருந்த ஒபாமாவை எதிர்த்துக் குடியரசுக் கட்சியின் ராம்னி நின்றார். நூவர்க்கில் கையை உயர்த்தி உறுதிமொழி எடுத்துக் குடியுரிமை வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தபாலில் வந்த மாதிரி வாக்குச்சீட்டை ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தேன். எந்தப் பள்ளிக்கூடத்தில் போய் வாக்களிக்க வேண்டும் என்று அதில் அச்சடித்திருந்தது. தேர்தலுக்கு ஒன்பது நாள் இருந்தது.

டிவியில் புயலின் பாதையைக் காட்டும் வெள்ளைக் கூம்பு எங்கள் மாநிலத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தது. மதுரைக்காரர் ஆரம்பித்தார். "இது ஒபாமாவுக்குத்தான் லாபம், பாத்துக்கங்க. ஹெலிகாப்டர்ல வந்து எறங்கி நாலு பேரக் கட்டிப்புடிச்சாப் போதும். ராம்னி என்னத்தச் செய்வாரு? கையில அதிகாரம் இல்லயே."

"மழை பெஞ்சா ஏழைங்க, வயசுப் பசங்க வர மாட்டாங்கண்ணா. அது ராம்னிக்குத்தான் சாதகம்" என்றார் தம்பி.

அண்ணன் டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ஆருக்கு லாபம் எண்டு பிறகு பாப்பம். தண்ணி எவ்வளவு அடி வரும் எண்டு உவங்கள் சொல்றாங்களா, தங்கச்சி?" 1978 நவம்பரில் மட்டக்களப்பைப் புரட்டிப் போட்ட சூறாவளியைச் சிறு பையனாக இருந்து பார்த்தவர் அவர்.

யாருக்கு லாபம் என்ற கேள்விக்கு அன்றிரவு இரண்டு மணி நேரம் பேசினோம். அந்தப் பேச்சில் என் ஃப்ரிட்ஜ் கதவை யாரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. அதற்குப் பின்னால் இத்தனை வருஷத்தில் புயலும் தேர்தலும் மோதிக்கொண்ட இடங்களையெல்லாம் தேடிப் படித்தபின் எனக்கு ஒரு விஷயத்தில் சந்தேகமே இல்லாமல் போனது. புயல் ஒரு தேர்தலைத் தொடுவது பெரும்பாலும் வாக்குச்சாவடியின் கதவு வழியாகத்தான். ஹெலிகாப்டர் வழியாக வருவது அதைவிடக் குறைவு.

முதலில் அந்தப் புயலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சாண்டி அக்டோபர் 22 அன்று கரீபியன் கடலில் உருவானது. 24 அன்று ஜமைக்கா, அடுத்த நாள் கியூபாவின் சாண்டியாகோ. ஹெய்ட்டியில் வெள்ளத்தில் மட்டும் ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அக்டோபர் கடைசியில் அந்தப் பக்கம் உருவாகும் புயல்களை மேற்கிலிருந்து வீசும் காற்று வழக்கமாக வடகிழக்கே தள்ளி அட்லாண்டிக் நடுக்கடலுக்குக் கொண்டுபோய்விடும். அந்த வாரம் கிரீன்லாந்துப் பக்கம் ஓர் உயர் அழுத்த மண்டலம் மறித்துக்கொண்டு நின்றது. மேற்கிலிருந்து வந்த தாழ்வழுத்தம் புயலைக் கரைப்பக்கம் இழுத்தது. சாண்டி இடப்பக்கம் திரும்பியது. நியூ ஜெர்சிக் கரையை ஏறக்குறையச் செங்குத்தாக மோதும் பாதை அது. இந்தத் திருப்பத்தை ஐரோப்பாவின் வானிலைக் கணினி மாதிரி ஒரு வாரம் முன்பே காட்டியது. அமெரிக்க மாதிரி மேலும் சில நாட்கள் புயல் கடலோடு போய்விடும் என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

காற்றின் வேகத்தைப் பார்த்தால் சாண்டி பெரிய புயல் இல்லை. 29ஆம் தேதி இரவு எட்டு மணியை ஒட்டி அட்லாண்டிக் சிட்டிக்குப் பக்கத்தில் பிரிகன்டீனில் கரையேறியபோது மணிக்கு சுமார் 130 கிலோமீட்டர்தான். அகலம்தான் பயங்கரம். புயல்காற்று வீசிய பரப்பு குறுக்கே சுமார் 1,600 கிலோமீட்டர். அன்று பௌர்ணமி வேறு, கடல் ஏற்கெனவே பொங்கியிருந்தது. இடஞ்சுழியாகச் சுற்றும் காற்று, புயலின் வலப்பக்கத்தில் இருந்த நியூயார்க் துறைமுகத்துக்குள்ளும் ராரிட்டன் விரிகுடாவுக்குள்ளும் கடலை நெட்டித் தள்ளியது. நியூ ஜெர்சிக் கரையும் லாங் ஐலண்டும் சேரும் இடம் ஒரு மூலை மாதிரி இருக்கும். போக வழியில்லாமல் தண்ணீர் மேலே ஏறும். மன்ஹாட்டன் தென்முனையில் நீர்மட்டம் 14 அடியைத் தொட்டது. அண்ணன் கேட்ட கேள்விக்கு விடை அதுதான். சேயர்வில்லில் அவர் வீட்டுக் கீழ்த்தளம் முழுக்க மூழ்கியது.

பூகம்பம் சொல்லிக்கொண்டு வராது. புயல் ஒரு வாரம் முன்பே சொல்லிவிட்டு வரும். அந்த ஒரு வாரம் அரசியலுக்குக் கிடைக்கும் இடைவெளி. யார் பிரசாரத்தை ரத்து செய்தார், யார் செய்யவில்லை, யார் பழைய பேச்சில் மாட்டிக்கொண்டார் என்பதெல்லாம் அந்த வாரத்தில் அலசப்படும். ஒபாமா 29ஆம் தேதி ஒர்லாண்டோவில் பேச வேண்டியிருந்ததை விட்டுவிட்டு வாஷிங்டன் திரும்பினார். ராம்னியை 2011 ஜூன் விவாதம் ஒன்று துரத்தியது. பேரிடர் நிவாரணப் பொறுப்பை மத்திய அரசிடமிருந்து மாநிலங்களுக்கு மாற்றலாமா என்ற கேள்விக்கு, மாநிலங்களிடம் கொடுப்பதே சரியான திசை என்ற பொருளில் அவர் பதில் சொல்லியிருந்தார். ஃபீமா என்ற மத்தியப் பேரிடர் அமைப்பு வேண்டுமா வேண்டாமா என்பது அந்த வாரம் திடீரென்று எல்லோர் வாயிலும் வந்தது. நவம்பர் 1 அன்று நியூயார்க் மேயர் ப்ளூம்பெர்க், பருவநிலை மாற்றத்தைக் காரணமாகச் சொல்லி ஒபாமாவுக்கு ஆதரவு அறிவித்தார். அதுவரை அந்த வருஷத்தின் மூன்று அதிபர் விவாதங்களிலும் பருவநிலை மாற்றம் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மதுரைக்காரர் சொன்ன ஹெலிகாப்டர் காட்சியும் நடந்தது. அக்டோபர் 31, ஒபாமாவும் எங்கள் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டியும் சேர்ந்து கரையோரத்தைப் பார்த்தார்கள். இரண்டே மாதத்துக்கு முன் டாம்பாவில் குடியரசுக் கட்சி மாநாட்டில் ராம்னிக்காக முக்கிய உரை ஆற்றியவர் கிறிஸ்டி. (அந்த மாநாட்டின் முதல் நாளும் ஐசக் என்ற புயலால் ஏறக்குறைய ரத்தானது.) அவரே ஒபாமாவை வாயாரப் புகழ்ந்தார். அடுத்த வருஷம் 60 சதவீத வாக்கில் மறுபடி ஆளுநரானார். 2016இல் அதிபர் வேட்பாளராக நின்றபோது சொந்தக் கட்சிக்காரர்களே அந்த நாளை எடுத்துக் காட்டி அவரை அடித்தார்கள்.

அதே அக்டோபர் 31 அன்றுதான் நீலம் புயல் மாமல்லபுரம் பக்கம் கரையேறியது. எங்கள் வீட்டில் கரண்ட் போய் இரண்டு நாள் ஆகியிருந்தது. காரில் உட்கார்ந்து என்ஜினை ஓடவிட்டு ஃபோனுக்கு சார்ஜ் ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் பேசினேன். பெசன்ட் நகர் கடற்கரையில் பிரதிபா காவேரி என்ற கப்பல் தரைதட்டி நிற்கிறது என்றாள் அக்கா. அவள் என்னைக் கேட்டாள், நான் அவளைக் கேட்டேன்: "கரண்ட் இருக்கா? தண்ணி வருதா?"

இனி அந்த மேசைக் கேள்விக்கு வருகிறேன். ஒபாமா மாநிலவாரியாகக் கிடைக்கும் தேர்வாளர் வாக்குகளில் 332 பெற்று வென்றார், ராம்னிக்கு 206. புயல்தான் ராம்னியின் வேகத்தை உடைத்தது என்று குடியரசுக் கட்சியில் பெரிய ஆட்கள் சிலர் சொன்னார்கள். வாக்களித்துவிட்டு வந்தவர்களிடம் எடுத்த கணிப்பில் 42 சதவீதம் பேர் ஒபாமா புயலைக் கையாண்ட விதம் தங்கள் முடிவில் முக்கியமாக இருந்தது என்றார்கள். ஆனால் அப்படிச் சொன்னவர்களில் எத்தனை பேர் ஏற்கெனவே அவருக்கே போடுவதாக இருந்தார்கள் என்பதை அந்தக் கேள்வி பிரித்துக் காட்டாது. ஒஹாயோவில் அவர் புயலுக்கு முன்பே முன்னிலையில்தான் இருந்தார். நியூ ஜெர்சியில் கிட்டத்தட்ட 18 புள்ளி வித்தியாசம். புயல் அடித்த இடத்தில் முடிவு ஏற்கெனவே தெரிந்தது, முடிவு தெரியாத இடத்தில் புயல் அடிக்கவில்லை. என் கணக்கில் அந்தக் காட்சி அந்தத் தேர்தலைத் தீர்மானிக்கவில்லை.

தம்பி சொன்னதற்கும் ஆதாரம் உண்டு. அரை நூற்றாண்டு அதிபர் தேர்தல்களை வானிலைப் பதிவுகளோடு ஒப்பிட்டு 2007இல் வந்த ஆய்வு ஒன்று, வழக்கத்தைவிட ஓர் அங்குலம் கூடுதல் மழை பெய்தால் வாக்குப்பதிவு ஏறக்குறைய ஒரு புள்ளி குறைகிறது, அது குடியரசுக் கட்சிக்குக் கொஞ்சம் சாதகம் என்று காட்டியது. இயற்கை செய்ததற்கு மக்கள் ஆள்பவரைத் தண்டிக்கிறார்களா என்று பழைய நாளிலும் தேடியிருக்கிறார்கள். 1916 ஜூலையில் எங்கள் கரையில் சுறா தாக்கி நான்கு பேர் இறந்தார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மடவான் ஓடையிலேயே இரண்டு பேர். அந்த நவம்பரில் கடற்கரை ஊர்களில் அதிபர் வில்சனின் வாக்கு சரிந்தது என்று இரண்டு அறிஞர்கள் எழுதினார்கள். வேறு இருவர் அதே கணக்கை விரித்துப் பார்த்து, அந்தச் சரிவு நிற்காது என்று மறுத்தார்கள். எனக்கு மறுத்தவர்கள் பக்கமே நியாயம் தெரிகிறது.

இவற்றையெல்லாம்விட என்னை உலுக்கியது 2009இல் ஆண்ட்ரூ ஹீலியும் நீல் மல்ஹோத்ராவும் வெளியிட்ட ஆய்வு. பேரிடர் நடந்தபின் நிவாரணப் பணம் கொடுத்த கட்சிக்கு மக்கள் வாக்கால் நன்றி சொல்கிறார்கள். முன்கூட்டியே தடுப்பு ஏற்பாட்டுக்குச் செலவழித்த கட்சிக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. இத்தனைக்கும் தடுப்பில் போட்ட ஒரு டாலர், பின்னால் வரும் சேதத்தில் சுமார் 15 டாலரை மிச்சப்படுத்துகிறது என்பது அவர்கள் கணக்கு. மதுரைக்காரர் கடையை நினைத்தால் இது எனக்குப் புரியும். பூமிக்கடியில் தொட்டி நிறையப் பெட்ரோல், மேலே எடுக்கும் பம்புக்குக் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் ஒன்று மாட்டியிருந்தால் தெருவே ஓடியிருக்கும். நவம்பர் 3 முதல் 12 கவுன்டிகளில், அதாவது நம் ஊர் மாவட்டம் போன்ற பகுதிகளில், வண்டி எண்ணின் கடைசி இலக்கம் ஒற்றையா இரட்டையா பார்த்துப் பெட்ரோல் போட வேண்டி வந்தது. பம்புகளுக்கு ஜெனரேட்டர் மாட்ட மாநிலம் மானியம் கொடுத்ததெல்லாம் அதற்கப்புறம்தான்.

வாக்குச்சாவடியும் அப்படித்தான். அதை முன்கூட்டிக் காத்தவருக்கு யாரும் மாலை போடுவதில்லை, அதனால் யாரும் அதைக் காப்பதும் இல்லை.

அன்றிரவு தம்பி சர்வ சாதாரணமாக ஒன்று கேட்டார். "ரொம்ப மோசமானா தேர்தலத் தள்ளி வெச்சுருவாங்கல்ல?" நம் ஊரில் வளர்ந்த யாருக்கும் தோன்றும் கேள்வி. இந்தியாவில் தேர்தல் ஆணையம் என்று ஒன்று இருக்கிறது. இயற்கைச் சீற்றம் வந்தால் ஒரு சாவடியில் வாக்குப்பதிவை ஒத்திவைக்க மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 57ஆம் பிரிவே வழி சொல்கிறது. அமெரிக்காவில் நாடு முழுதுக்கும் தேர்தல் நடத்தும் ஓர் ஆணையம் கிடையாது. நவம்பரின் முதல் திங்களுக்கு அடுத்த செவ்வாய் என்ற நாளை 1845இல் நாடாளுமன்றம் சட்டமாக்கியது. அதை அதிபர் மாற்ற முடியாது, ஆளுநரும் மாற்ற முடியாது. கிறிஸ்டி அந்த வாரம் ஓர் உத்தரவு போட்டுப் பிள்ளைகளின் ஹாலோவீனை நவம்பர் 5க்குத் தள்ளி வைத்தார். மறுநாள் நடக்கவிருந்த அதிபர் தேர்தலை ஒரு மணி நேரம் தள்ளவும் அவருக்கு அதிகாரம் இல்லை. 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் நடந்துகொண்டிருந்த, மேயர் வேட்பாளர்களைக் கட்சிகள் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலை நிறுத்தி 25ஆம் தேதி நடத்த முடிந்தது. அது மாநிலச் சட்டத்தில் நடக்கும் தேர்தல் என்பதால்தான். 2005இல் வந்த காத்ரினா சூறாவளிக்குப் பின் நியூ ஆர்லியன்ஸ் மேயர் தேர்தல் 2006 பிப்ரவரியிலிருந்து ஏப்ரலுக்குப் போனதும் அதனால்தான். பேரழிவு வந்தால் அதிபர் தேர்தலின் வாக்குப்பதிவு நேரத்தை மாநிலங்கள் நீட்டலாம், ஆனால் அதற்கான சட்டம் முன்பே இருக்க வேண்டும் என்று 2022இல்தான் மத்தியச் சட்டத்தில் எழுதினார்கள்.

நாள் நகராது. அப்படியென்றால் மற்றதெல்லாம் நகர வேண்டும். நகர்த்த வேண்டியவர்கள் கவுன்டி அலுவலகத்தில் இருக்கும் ஒரு கிளார்க்கும் நாலு ஊழியர்களும். அவர்கள் வீட்டிலும் கரண்ட் இல்லை.

நியூ ஜெர்சிக்கு இன்னொரு பலவீனம் இருந்தது. சாவடிக்குப் போய் முன்கூட்டியே வாக்களிக்கும் முறை அப்போது எங்களுக்குக் கிடையாது. மேரிலாந்தில் அந்த முறை இருந்ததால் புயல் நாட்களில் நிறுத்திவிட்டுப் பின்னால் நாளைக் கூட்டிக்கொண்டார்கள். எங்களுக்கு எல்லாமே அந்த ஒரு செவ்வாய், காலை ஆறு முதல் இரவு எட்டு வரை. கரண்ட் இல்லாத சாவடிகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. ராணுவ லாரிகளைக் கொண்டுவந்து நிறுத்திச் சாவடியாக்கலாம் என்றுகூட அரசு யோசித்தது. நியூயார்க் பக்கம் ஸ்டேட்டன் ஐலண்டிலும் ராக்கவேயிலும் கூடாரம் போட்டு, ஜெனரேட்டர் வைத்து, குளிரில் கோட்டும் தொப்பியுமாக வரிசையில் நின்றார்கள்.

நவம்பர் 3, சனிக்கிழமை. வீடிழந்தவர்கள் மின்னஞ்சலிலோ ஃபேக்ஸிலோ வாக்களிக்கலாம் என்று மாநிலம் அறிவித்தது. வெளிநாட்டில் இருக்கும் ராணுவத்தினருக்காக வைத்திருந்த வழி அது. நல்ல மனதோடு செய்த ஏற்பாடு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மூன்று நாள் அவகாசத்தில் ஒரு வாக்கு முறையைக் கட்ட முடியாது. கவுன்டிகளின் அஞ்சல் பெட்டிகள் நிரம்பி, வந்த கடிதங்கள் திரும்பின. ஃபேக்ஸ் எப்போதும் பிஸி. ஒரு கவுன்டி கிளார்க் தன் சொந்த மின்னஞ்சல் முகவரியையே மக்களுக்குக் கொடுத்தார். இப்படி வாக்களிப்பவர் ரகசிய வாக்குரிமையை விட்டுக்கொடுப்பதாக ஒப்புக்கொள்ள வேண்டும், மின்னஞ்சலில் அனுப்பியதைக் காகிதத்திலும் அனுப்ப வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனை பலருக்குத் தெரியவே இல்லை. நிரப்பிய சீட்டுகளை வாங்கும் கெடுவைக் கடைசி நேரத்தில் வெள்ளிக்கிழமை வரை நீட்டினார்கள். பின்னாளில் ரட்கர்ஸ் சட்டக் கல்லூரியிலிருந்து இந்தக் குளறுபடிகளைப் பற்றிக் கடுமையான அறிக்கையே வந்தது.

பலன் தந்தது வேறொன்று, அதிகம் பேசப்படாத ஒன்று: தற்காலிக வாக்குச்சீட்டு. வீட்டை விட்டு வெளியேறியவர் மாநிலத்தில் எந்தச் சாவடிக்கும் போய், இன்ன ஊர்க்காரன் நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, காகிதச் சீட்டில் வாக்களிக்கலாம். பிறகு சரிபார்த்து எண்ணுவார்கள். அவருக்கு உரிமையுள்ள போட்டிகள் மட்டும், அதாவது அதிபர், செனட்டர் போன்றவை, கணக்கில் சேரும். புது இயந்திரமும் வேண்டாம், இணையமும் வேண்டாம்.

நவம்பர் 6 காலை ஏழு மணிக்கு நான் ஃப்ரிட்ஜ் கதவிலிருந்த மாதிரிச் சீட்டைப் பிய்த்து எடுத்துக்கொண்டு அதில் போட்டிருந்த பள்ளிக்கு நடந்தேன். கதவில் மார்க்கர் பேனாவால் எழுதிய ஒரு தாள்: சாவடி இன்னொரு பள்ளிக்கு மாற்றப்பட்டுள்ளது. அந்தப் பள்ளி ஒன்றரை மைல். எட்டு நாளாக வீட்டில் கரண்ட் இல்லை, இணையம் இல்லை, மாற்றியது எனக்கு எப்படித் தெரியும்? எனக்குக் காலில் பலம் இருந்தது, நடந்தேன். எனக்கு முன்னால் அந்தத் தாளைப் படித்துக்கொண்டிருந்தவர், கைத்தடி ஊன்றிய ஒரு வெள்ளைக்காரப் பாட்டி. படித்து முடித்து, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு, வந்த வழியே திரும்பினார். கூப்பிட்டு அழைத்துப்போக அப்போது எனக்குத் தோன்றவில்லை. அந்த வருஷம் நியூ ஜெர்சியில் பதிவு செய்தவர்களில் 67 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். 2008இல் அது 73. அந்த ஆறு புள்ளியைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாட்டியின் முதுகுதான் கண்ணில் நிற்கிறது.

இது என் மன உறுத்தல் மட்டுமில்லை என்பதை 2018 காட்டியது. அந்த அக்டோபர் 10 அன்று மைக்கேல் சூறாவளி ஃப்ளோரிடாவின் மெக்சிகோ பீச்சில் உச்சபட்சமான ஐந்தாம் தரத்தில் இறங்கியது. நான்கு வாரத்தில் தேர்தல். எட்டு கவுன்டிகளுக்கு ஆளுநர் விதிவிலக்கு உத்தரவு கொடுத்தார், சாவடிகளைச் சேர்த்துப் பெரிய மையங்களாக்க அனுமதித்தார். 44 சாவடிகள் இருந்த பே கவுன்டியில் 6 மட்டும் திறந்தன. கெவின் மாரிஸ், பீட்டர் மில்லர் என்ற இருவர் வாக்காளர் ஒவ்வொருவரின் பதிவையும் எடுத்து ஆராய்ந்தார்கள். வாக்குப்பதிவு சரிந்ததில் காற்றையும் மழையையும்விடச் சாவடியின் தூரத்துக்குப் பங்கு பெரிது என்பது அவர்கள் முடிவு. சாவடிகளைக் குறைக்காத இடத்தில் புயல் பட்டவர்களும் ஏறக்குறைய வழக்கம்போல வந்திருக்கிறார்கள். அந்த வருஷம் ஃப்ளோரிடா செனட் போட்டி முடிந்த வித்தியாசம் சுமார் 10,000 வாக்கு. உத்தரவு போட்ட ஆளுநரே அதில் வென்ற வேட்பாளர். அவர் தப்பு செய்தார் என்று நான் சொல்லவில்லை. இவ்வளவு நெருக்கமான போட்டியில், போட்டியாளர் கையிலேயே சாவடி பற்றிய முடிவு இருந்தது என்பதைத்தான் சொல்கிறேன்.

2024இல் வட கரோலைனா வேறு மாதிரி நடந்துகொண்டது. செப்டம்பர் 26 இரவு ஃப்ளோரிடாவில் கரையேறிய ஹெலீன் சூறாவளி, வட கரோலைனாவில் ஆஷ்வில்லைச் சுற்றிய மலை ஊர்களைச் சாலையோடு அரித்துக்கொண்டு போனது. அந்த மாநிலத்தில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஃபீமா பணத்தைப் பற்றி நடக்காததையெல்லாம் நடந்ததாகப் பரப்பி, நிவாரண ஊழியர்கள் மிரட்டப்படும் அளவுக்குப் போனது. அதே நாட்களில் மாநிலத் தேர்தல் வாரியம் இரண்டு கட்சி உறுப்பினர்களும் ஒருமனதாக அக்டோபர் 7 அன்று 13 கவுன்டிகளுக்கு விதிகளைத் தளர்த்தியது. சட்டமன்றம் அதை 25 கவுன்டிகளுக்கு விரித்தது. முன்கூட்டிய வாக்குப்பதிவு 17ஆம் தேதி சொன்னபடி தொடங்கியது. கட்டடம் போன இடத்தில் கூடாரம் போட்டார்கள், மாற்றிய இடங்களை வானொலியிலும் தாளிலும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். வீடு போன கவுன்டிகளிலும் வாக்குப்பதிவு மாநிலச் சராசரியை ஒட்டியே வந்தது. சாவடியைக் காத்தால் வாக்காளர் வருகிறார்.

நம் பக்கத்து வரலாற்றில் இதற்கு மிகக் கொடிய உதாரணம் இருக்கிறது. 1970 நவம்பர் 12 இரவு அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில் போலா புயல் குறைந்தது மூன்று லட்சம் உயிரைக் குடித்தது. மேற்கிலிருந்து ஆண்டவர்கள் உதவிக்கு ஓடி வரவில்லை. டிசம்பர் 7 அன்று பாகிஸ்தானின் முதல் பொதுத்தேர்தல். கிழக்கில் 162 பொதுத் தொகுதிகளில் 160, கிழக்கின் தன்னாட்சியைக் கேட்ட அவாமி லீக் கட்சிக்கு. ஒரே ஆண்டில் வங்கதேசம் பிறந்தது. மதுரைக்காரர் பேசும் லாப நஷ்டக் கணக்கு உண்மையிலேயே வரலாற்றைத் திருப்பிய இடம் என்று எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான், அதற்கும் முன்பே பல வருஷ மனக்கசப்பு திரண்டிருந்தது. புயல் அடித்த கரையோரத் தொகுதிகளுக்கு மட்டும் வாக்குப்பதிவு 1971 ஜனவரி 17க்குத் தள்ளப்பட்டது. பிணம் புதைக்கும் கையை வாக்குச்சீட்டு நீட்டச் சொல்லக் கூடாது என்ற அளவுக்காவது அங்கே இடம் இருந்தது.

எங்கள் மாநிலம் பாடம் படிக்க நேரம் எடுத்துக்கொண்டது. முன்கூட்டிய வாக்குப்பதிவுக்கான மசோதா 2013 மே மாதம் வந்தபோது செலவைக் காரணம் காட்டி கிறிஸ்டி நிராகரித்தார். ஹெலிகாப்டர் நாளில் அவர் மேல் எனக்கு வந்த மரியாதை அன்றைக்குப் பாதியாகக் குறைந்தது. அந்த முறை எங்களுக்கு வந்தது 2021இல், ஒன்பது வருஷம் கழித்து.

தேர்தலுக்கு மறுநாள், நவம்பர் 7, பனிப்புயல் வந்தது. அன்று மத்தியானம்தான் வந்திருந்த கரண்ட் சாயங்காலம் மறுபடி போனது. அண்ணனும் அண்ணியும் இன்னும் எங்கள் வீட்டில்தான். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மதுரைக்காரர் ராம்னி தோற்ற வருத்தத்தில் இருந்தார், தம்பி ஒவ்வொரு மாநிலமாகக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு துண்டுத்தாளை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார். முந்தின நாள் எங்கள் ஊர்ச் சாவடியில் தற்காலிகச் சீட்டில் வாக்களித்தபோது கொடுத்தது. வாக்கு எண்ணப்பட்டதா என்று விசாரிக்க அதில் ஒரு தொலைபேசி எண் இருந்தது. சேயர்வில் வீட்டிலிருந்து அவர் காப்பாற்றிக் கொண்டுவந்த காகிதங்களோடு, பாஸ்போர்ட், காப்பீடு, கல்யாணப் படம் இவற்றோடு, அந்தத் தாளும் சேர்ந்தது.

நவம்பர் கடைசியில் ஒருநாள் அவர் அந்த எண்ணுக்குப் பேசினார். நான் சமையலறையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். பிறந்த தேதியைச் சொன்னார், பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னார், ரொம்ப நேரம் காத்திருந்தார். பிறகு ஃபோனை வைத்துவிட்டு வாசலில் வந்து நின்றார்.

"எண்ணிப்போட்டாங்களாம், தங்கச்சி."